எழுத்துருப் பெயரை நம்பிய தமிழ்ப் பக்கங்கள்

வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் 'ஃபான்ட்' என்ற குறிச்சொல் எழுத்தின் அளவையும் நிறத்தையும் எழுத்துருவின் பெயரையும் உலாவிக்குச் சொல்ல உதவியது. 1997 ஜனவரியில் வந்த 3.2 பதிப்பில் முதல் இரண்டு பண்புகள்தான் இருந்தன. எழுத்துருவைக் குறிக்கும் 'ஃபேஸ்' உலாவிகளில் முன்பே புழங்கினாலும், அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் தரநிர்ணயத்துக்குள் நுழைந்தது. நுழையும்போதே அது கைவிடவேண்டிய பண்புகளின் பட்டியலில் இருந்தது. தமிழ் இணையமோ அந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டுதான் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. ஆனால் விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது 2000 பதிப்பில், லதா எழுத்துருவோடுதான். அதுவரை ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருக்களே கதி. அவற்றில் ஒன்றான பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திஸ்கி, டாம், டாப் குறியேற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்: எந்த எழுத்துரு என்று பக்கம் சொல்லியாகவேண்டும், அது வாசகரின் கணினியிலும் இருந்தாகவேண்டும். எச்டிஎம்எல்லை வகுத்தவர்களுக்கு எழுத்துருப் பெயர் ஓர் அலங்காரம். தமிழுக்கு அதுவே பொருள்.

கைவிடுவதற்குச் சொன்ன காரணத்தில் குறையில்லை. உள்ளடக்கத்தை எச்டிஎம்எல்லும் தோற்றத்தைச் சிஎஸ்எஸ்ஸும் பார்த்துக்கொண்டால், நூறு பக்கங்களின் நிறத்தை ஒரே கோப்பில் மாற்றலாம். அதைவிடப் பாராட்டத்தக்கது கைவிட்ட முறை. வேறொரு துறையின் தடையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தபோது திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சாயத்தையே மாற்றவேண்டியிருந்தது. தடைப்பட்ட சாயம் ஏறிய பனியனுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. இணையத்தின் விதி அவ்வளவு கடுமையானதல்ல. புதிதாக எழுதுபவர் பழைய பண்பைத் தொடக்கூடாது, உலாவியோ அதைக் காட்டியே ஆகவேண்டும் என்று 2014 அக்டோபரில் பரிந்துரையான எச்டிஎம்எல் 5 பிரித்துச் சொன்னது. தொண்ணூறுகளில் எழுதிய பக்கம் இன்றும் திறப்பது இதனால்தான். பழையதோடு ஒத்துப்போகாமல் புதிதாகத் தொடங்க முயன்ற எக்ஸ்எச்டிஎம்எல் 2, 2009-ல் கைவிடப்பட்டது.

ஆனால் இந்த வாக்குறுதி குறிச்சொல்லுக்கு மட்டுமே. அது சுட்டும் எழுத்துருவுக்கு யாரும் பொறுப்பில்லை. வாசகரிடம் எழுத்துரு இல்லாத குறையைப் போக்கப் பல தமிழ்த் தளங்கள், பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் இயங்கு எழுத்துருக்களை நம்பின. நெட்ஸ்கேப் 4 படித்த வகையை நெட்ஸ்கேப் 6 படிக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் வகை ஃபயர்ஃபாக்ஸில் ஓடவேயில்லை. இன்றைய உலாவியும் பழைய குறிச்சொல்லை விசுவாசமாகப் படிக்கிறது, எழுத்துருவைத் தேடுகிறது, கிடைக்காமல் ஆங்கில எழுத்துக் குவியலைக் காட்டுகிறது. தேடுபொறிக்கும் பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் எழுத்துரு இருந்தாலும் பயனில்லை. அவை படிப்பது எண்களை, வடிவங்களை அல்ல.

இதைவிடப் பெரிய குறை, திருத்தச் சொன்ன வழியில் இருக்கிறது. 'ஃபேஸ்' பண்பை எடுத்துவிட்டு அதே பெயரைச் சிஎஸ்எஸ்ஸின் எழுத்துரு வரியில் எழுதினால், கைவிட்ட பண்பைப் பயன்படுத்திய குற்றச்சாட்டு நீங்கிவிடும். சரிபார்ப்புக் கருவியும் ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பதோ அதே எம், கே, அரைப்புள்ளிதான். வடிவத்தைச் சரிபார்க்கும் கருவிக்கு எழுத்து தமிழா என்று தெரியாது. அலங்காரம் என்று ஒதுக்கப்பட்ட பண்பைச் சில மொழிகள் வேறு வேலைக்கு வைத்திருந்தன. கைவிடும் அறிவிப்பு அவற்றுக்கென ஒரு வழியைக் காட்டியிருக்கவேண்டும்.

1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையடுத்து டாம், டாப் குறியேற்றங்களை ஏற்ற தமிழக அரசு, 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய பக்கங்கள் தாமாக மாறிவிடா. அவற்றை வைத்திருப்போர் குறிச்சொல்லைத் திருத்துவதற்கு முன் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றவேண்டும். பழைய எழுத்துருக் கோப்பு கையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடவேண்டும்.