வியாழனுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

ஆன்டனி வெஸ்லி என்ற ஆஸ்திரேலியர் 2009 ஜூலை 19 இரவு எடுத்த வியாழன் படம், முதல் பார்வைக்கு சுமார்தான். வரிவரியாகப் பட்டைகள், கொஞ்சம் மசமசப்பு. தென் துருவத்துக்குப் பக்கத்தில் மட்டும், குழந்தை கன்னத்தில் வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. வீட்டுக் கொல்லையில் டெலஸ்கோப் வைத்து எடுக்கப்பட்ட கிரகப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்தப் படங்கள் ஒரு 'க்ளிக்'கில் முடிகிற சமாசாரமில்லை. தலைக்கு மேலே காற்று ஓயாமல் அலைவதால் கிரகம் கலங்கித்தான் தெரியும். அதனால் டெலஸ்கோப்பில் வீடியோ காமிராவை மாட்டி, ஆயிரக்கணக்கில் ஃப்ரேம்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். காற்று தப்பித் தவறி அடங்கிய கணங்களில் விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுக்கும். 'லக்கி இமேஜிங்' என்று பெயர். அதையும் சில நிமிஷங்களுக்குள் முடித்தாக வேண்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிற அவசரக்காரர். தாமதித்தால் படம் இழுபட்டுவிடும்.

வில்லங்கம் அதற்கப்புறம்தான். சாஃப்ட்வேரில் ஷார்ப்னெஸ்ஸை ஏற்ற ஏற்ற, மறைந்திருந்த புயல்களெல்லாம் எழுந்து வரும். இன்னும் ஏற்றினால் இல்லாத புயலும் வரும். விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு போலி வளையம் முளைக்கும். கம்பெனிகள் பாலன்ஸ் ஷீட்டில் செய்கிற விண்டோ டிரஸ்ஸிங்கேதான். கணக்கு டாலி ஆகும், கோடவுனில் சரக்கு இருக்காது. பளபளவென்று வருகிற பல வியாழன் படங்களில் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

பிரான்ஸின் தியெரி லெகோ படங்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2006 செப்டம்பர் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையமும், அப்போதுதான் அதிலிருந்து பிரிந்த அட்லான்டிஸ் ஓடமும் சூரியனைக் கடந்ததை நார்மண்டியில் நின்று பிடித்தார். கடந்த நேரம் சுமார் அரை செகண்ட். சூரிய வட்டத்தில் இரண்டு துல்லியமான கறுப்பு உருவங்கள், அவ்வளவே. பிரமாதம். ஆனால் அது கணக்குப் போட்டுக் காத்திருந்து பிடித்தது, எதிர்பார்த்ததே கிடைத்தது.

வெஸ்லி கதை வேறு. வானம் சரியில்லை, மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்தவர், வீட்டுக்குள் போய் டி.வி.யில் கொஞ்ச நேரம் விளையாட்டு பார்த்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் பொட்டு! நிலாவா, நிலாவின் நிழலா? பக்கத்திலிருந்த வெள்ளைப் புயலோடு சேர்ந்து, அதே வேகத்தில் நகர்வதைக் கவனித்த பிறகுதான் அது வியாழன் மேலேயே இருக்கிறது என்று தீர்மானித்தார். அடுத்த நாளே ஹவாயில் உள்ள நாசா டெலஸ்கோப் உறுதி செய்தது: ஏதோ ஒன்று வந்து மோதிய வடு. கண்டுபிடித்தது கான்பெராவுக்குப் பக்கத்து ஊரில், ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற 14.5 அங்குல டெலஸ்கோப்.

மசமசப்பை மறைக்க மனுஷர் மெனக்கெட்டதாகவே தெரியவில்லை. மெனக்கெட்டிருந்தால் இந்தப் பொட்டையும் ஷார்ப்னெஸ் செய்த வேலை என்று நான் தாண்டிப் போயிருப்பேன்.

நாலு நாள் கழித்து ஹப்பிள் எடுத்த படத்தில் வடு சிதறி, கலைந்து, விவரமாக இருக்கிறது. இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வெஸ்லியின் மொழுக்கைப் பொட்டைத்தான். அதை அவர் எடுத்தபோது, அது என்னவென்று பூமியில் ஒருத்தருக்கும் தெரியாது.