முதுகறிந்த பாராசூட்

கிளைடர் விமானி முதுகில் கட்டிக்கொள்ளும் பாராசூட்டை, பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒருமுறைகூட விரிக்க நேர்வதில்லை. ஆனால் நான்கைந்து மணி நேரம் நீளும் ஒவ்வொரு பறத்தலிலும் அது முதுகை விட்டு நகராது. அதனால் அதை இரண்டு வகையில் எடைபோட வேண்டியிருக்கிறது. விரிய வேண்டிய சில விநாடிகளில் ஒழுங்காக விரிகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் சோதனைகளும் சான்றும் சொல்லிவிடும். விரிய வேண்டாத நூற்றுக்கணக்கான மணி நேரங்களில் உடம்போடு எப்படி ஒத்துப்போகிறது என்பதை அணிபவர்தான் கண்டறிய வேண்டும். உறுத்துகிற பாராசூட் விரைவிலேயே கொட்டகை ஆணியில் தொங்கத் தொடங்கிவிடும். விமானி அது இல்லாமலே மேலே போவார். சுகமாக உட்காரும் பாராசூட்டைத் தேடுவது ஆடம்பரம் என்று எண்ணுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எஞ்சின் இல்லாத கிளைடர் உயரம் பெறுவது பெரும்பாலும் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றால். மே மாத நண்பகலில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் காய்ந்த வயல்களுக்கும் வற்றிய ஏரிகளுக்கும் மேலே பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் அதே காற்றில்தான். நல்ல ஏற்றம் ஒன்று கிடைத்தால் பல கிளைடர்கள் அதில் ஒன்றாகச் சுற்றும். பாராசூட் தேவைப்பட்ட நிகழ்வுகளில் கணிசமானவை இப்படிச் சுற்றும்போது நேர்ந்த மோதல்கள். இந்தியாவில் கிளைடர் பறத்தலுக்குப் பெயர்போன இடம் புணேயின் ஹடப்சர். தமிழ்நாட்டிலிருந்து இக்கலையைக் கற்க விரும்புகிறவர் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் ரயில் ஏற வேண்டும்.

விமானத்திலிருந்து குதித்து, தானே கயிற்றை இழுத்து விரிக்கும் முதுகுப் பாராசூட்டை லெஸ்லி இர்வின் 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் மெக்குக் ஃபீல்டில் செய்துகாட்டினார். அடுத்த இருபதாண்டுகள் பாராசூட் துணி என்றால் பட்டுதான். பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கு இர்வின் நிறுவனம் அளித்த சிறு பொன் சின்னம் பட்டுப்புழுவின் வடிவில் இருந்ததற்குக் காரணமும் அதுவே. காஞ்சிபுரத்துச் சேலைப் பட்டு முறுக்கேறி, கையில் கனத்து நிற்பது. பாராசூட்டுக்கு நெய்யப்பட்ட பட்டோ எடையே தெரியாத மெல்லிய துணி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் பட்டு நின்றுபோனதும் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. 1942 ஜூனில் அட்லைன் கிரே என்ற பெண் நைலான் பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்தார். இந்தியாவில் கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை 1941இல் தொடங்கப்பட்டது. 2021இல் அது கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனமானது. அதன் வேலை முதன்மையாகப் படைகளுக்கானது.

இன்றைய நைலான் துணியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருப்பது தெரியும். கிழிசல் ஒன்று தொடங்கினால் அடுத்த தடித்த இழையில் நின்றுவிடும். கட்டம் போட்ட சேலையை நெய்து பழகிய கண்ணுக்கு இந்த நெசவின் நேர்த்தி உடனே பிடிபடும். ஏழெட்டு மீட்டர் விட்டமுள்ள இப்படியொரு குடையும் அதன் கயிறுகளும் வார்களும் சேர்ந்து ஆறு முதல் ஒன்பது கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. குடை பெரிதானால் இறக்கம் மென்மையாகும், ஆனால் பொதி தடிக்கும். விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஆறடி மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். கனத்த உடம்புக்காரர் தடிமனைப் பொறுத்துக்கொண்டு பெரிய குடையையே எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் சுகத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொதியின் வடிவம்தான் தேர்வின் மையம். பழைய போர் விமானங்களில் பாராசூட்டே இருக்கை மெத்தையாக இருந்தது. கிளைடரில் அதை வைத்தால் தலை கண்ணாடி மூடியில் இடிக்கும். தோளிலிருந்து இருக்கை வரை நீண்டு மெலிந்திருக்கும் பொதி, எடையை முதுகு முழுவதும் பரப்பி உட்காரவைக்கிறது. குட்டையான பொதி முதுகின் மேல்பாதியில் தடித்து, இடுப்பைத் தாங்கலின்றி விட்டுவிடும். மேலே மெலிந்து கீழே தடித்த ஆப்பு வடிவம், சாய்ந்து படுத்தபடி ஓட்டும் பந்தயக் கிளைடர்களில் சிலருக்கு அருமையாகப் பொருந்தும், நிமிர்ந்து உட்காரும் பயிற்சிக் கிளைடரில் அதே ஆளுக்கே தொல்லையாகும். ஆகவே ஆளையும் பாராசூட்டையும் மட்டும் பொருத்திப் பார்ப்பது பாதி வேலை. எந்தக் கிளைடரில் பறக்கப்போகிறாரோ அதில் ஏறி, எல்லா வார்களையும் கட்டி, மூடியையும் மூடிக்கொண்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் கழிந்த பிறகுதான் இடுப்பும் தொடையும் உண்மையைச் சொல்லத் தொடங்கும். காலடி மிதிகள் முழுமையாக எட்டுகின்றனவா, கருவிப் பலகையிலுள்ள கைப்பிடிகளுக்குக் கை நீள்கிறதா, தலைக்கு மேல் இடைவெளி மிஞ்சுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒல்லியான இளைஞர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல கிளைடர்களில் முன்னிருக்கைக்குக் குறைந்தபட்ச எடை 70 கிலோ என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்த எடையில் பாராசூட்டும் சேரும். 63 கிலோ உள்ளவருக்கு ஏழு கிலோ பாராசூட் அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. இன்னும் எடை குறைந்த ஒன்றுக்கு மாறினால் கூடுதல் எடை வைக்க நேரும்.

வார்களில் முதலில் கவனிக்க வேண்டியவை தொடை வார்கள். அகலம் குறைந்து விளிம்பு கூராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். தோள் வாரின் உலோகத் துண்டு காறையெலும்பின் மேல் உட்காரக் கூடாது, ஏனென்றால் கிளைடரின் இருக்கை வார் அதன் மேல் இறுகி அழுத்தும். இருக்கை வார்கள் கட்டிய பிறகும் பாராசூட்டை விரிக்கும் இழுகைப்பிடி கண்ணில் படுகிறதா, இரண்டு கையாலும் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது அவசியம். பாராசூட் வாரின் கொக்கியும் இருக்கை வாரின் கொக்கியும் தொட்ட மாத்திரத்தில் வேறுபட்டுத் தெரிவது நல்லது. இதில் ஒரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தரையிறங்கியதும் பாராசூட்டைக் கழற்றி இருக்கையில் விட்டுவிட்டு எழுகிறவரின் கை, ஆபத்திலும் அதையே செய்யக்கூடும். எப்போதும் அதை அணிந்தபடியே வெளியே வந்து, பிறகு கழற்றுகிறவருக்கு அந்த அபாயம் இல்லை. கிளைடரோடு நாடாவால் இணைந்து தானே விரியும் வகை ஜெர்மனியில் பெருவழக்கு. அதை அணிந்தவர் வழக்கமான இறக்கத்துக்குப் பின் நாடாவைக் கழற்ற மறக்கக் கூடாது.

மிகக் குறைவாகப் பேசப்படுவது மடிப்பவரின் கை. ஒரே பாராசூட்டை இருவர் மடித்தால் இரண்டு முதுகுகள் கிடைக்கும். தேர்ந்தவர் துணியை மூலைகள் வரை தள்ளி நிரப்பி, கயிறுகளை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பி, தடவினால் மேடுபள்ளமின்றித் தட்டையாக்கி மூடுவார். அவசரக்காரர் மடித்ததில் நடுமுதுகில் ஒரு கட்டி எழும்பி நிற்கும், அதை எந்தத் தலையணையும் சரிசெய்யாது. புதிய பாராசூட் வாங்குவதற்கு முன், இருப்பதை நல்ல கையில் கொடுத்து மறுபடி மடித்துப் பார்ப்பது பல நேரம் போதுமானதாகிவிடும். அமெரிக்காவில் நைலான் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறையும் பட்டுக் குடையை 60 நாளுக்கு ஒருமுறையும் பிரித்து மடிக்க வேண்டும் என்பது விதி. பிற இடங்களில் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவே வழக்கம்.

வட தமிழ்நாட்டின் கோடையில் வியர்வை பெரிய சிக்கல். முதுகுப் பக்கம் காற்றோடும் வலைத்துணி வைத்த பொதியோ, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறையோ இருந்தால் உப்பும் ஈரமும் உள்ளே இறங்காது. நைலானுக்கு வெயிலின் புறஊதாக் கதிரும் பேட்டரி அமிலமும் ஆகாது. இறக்கையின் மேலோ பனி படிந்த புல்லிலோ போட்டுவைக்கும் வழக்கமும் துணிக்குக் கேடுதான். பழையது வாங்குகிறவர் 1980களின் வட்டக் குடைகளில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலவற்றின் வலைப்பகுதி அமிலத்தன்மை கொண்டு, பக்கத்துத் துணியை அரித்து வலுவிழக்கச் செய்தது. புரோமோகிரசால் பச்சை என்ற நிறங்காட்டியைத் தொட்டுவைத்தால் அமிலம் காட்டிக்கொடுத்துவிடும். பல தயாரிப்பாளர்கள் இருபது ஆண்டை ஒட்டி ஆயுள் வரம்பும் குறித்திருக்கிறார்கள். எனவே விலை பேசுவதற்கு முன் பதிவட்டையில் தயாரித்த ஆண்டையும், கடைசியாக மடித்த தேதியையும், மடித்தவரின் கையொப்பத்தையும் பார்த்துவிட வேண்டும்.