சொல்லும் சட்டமும்: கருக்கலைப்பு விவாதத்திற் பிரகடனங்களின் இடம்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் ஆங்கிலேயராட்சியில் ஆக்கப்பட்டது. 1860 இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியெழுந்த அக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதொழிந்த ஏனைய கருக்கலைப்புகள் யாவற்றையும் குற்றமாக்குகின்றது. மூன்றாண்டு வரையும், கருவின் அசைவு தோன்றிய பின்னராயின் ஏழாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுள் அடங்குவாள். இச்சட்டத்தை நமக்கு விட்டுச்சென்ற பிரித்தானியா 1967 இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. இந்தியா சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையை அடியொற்றி 1971 இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. நம்மிடம் எஞ்சியிருப்பது 1883 இன் வாசகமே.

இவ்வாசகம் சட்டமா, பிரகடனமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா. கருக்கலைப்பு நாட்டில் பரவலாக நிகழ்வதை எத்தரப்பினரும் மறுப்பதில்லை. வழக்குகளோ மிகச் சில. நிகழ்வதைத் தடுக்கவியலாத சட்டம், சமூகம் எதனைப் போற்றுவதாகக் காட்டிக்கொள்ள விரும்புகின்றதோ அதனை அறிவிக்கும் பலகையாகி நின்றுவிடுகின்றது. அத்தகைய சட்டத்தை வெற்றுச் சொல்லென்று ஒதுக்குவது முற்போக்காளரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு ஒதுக்குவது தவறென்பது நம் துணிபு.

பிறநாட்டு அனுபவமொன்று இதனைத் தெளிவுபடுத்தும். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1986 இல் இயற்றிய சட்டமொன்றின் முகவுரை, மனித உயிர் கருவுறும்போதே தொடங்குகின்றதெனப் பிரகடனஞ் செய்தது. 1989 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அம்முகவுரை ஒரு மதிப்பீட்டை வெளிப்படுத்துவதன்றி எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லையெனக் கருதி, அதன் செல்லுபடியைத் தீர்மானிக்காது விட்டது. சொல் தங்கியது. 2022 இல் ரோ தீர்ப்பு நீக்கப்பட்ட அன்றே, மூன்றாண்டுகளுக்கு முன்னர் இயற்றி வைக்கப்பட்டிருந்த தடைச்சட்டம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. 2024 இல் வாக்காளர் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலோ அத்தகைய சொல் தங்கி நிற்பதுடன் அமையாது, நாள்தோறும் தொழிற்படுகின்றது. அதன் தொழிற்பாட்டைக் கொழும்பிலிருந்து காண்பதைவிட யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து காண்பது எளிது. நெடுந்தீவிற் பெண்ணொருத்திக்குக் குருதிப்பெருக்கு ஏற்பட்டாற் குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம்; அதன் பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. காற்று எழுந்தாற் கணக்கு மாறும். கருக்கலைப்பின் பின் வரும் நோய்க்குச் சிகிச்சையளிப்பதை 303 ஆம் பிரிவு தடுக்கவில்லை. எனினும் இன்னாள் இன்னதற்காகப் போகிறாளெனப் படகிலிருப்போர் அனைவரும் அறியக்கூடிய ஊரில், 'குற்றம்' என்னும் சொல்லொன்றே அவள் புறப்படுவதைப் பிற்போடச் செய்யப் போதுமானது. ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தின் படியை அவள் மிதிக்கப்போவதில்லை. நீதிமன்றம் செய்யாததை அச்சொல் செய்துவிடும். நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் கொழும்பைவிடப் பன்மடங்கு அண்மையிலுள்ளது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரு சட்டங்கள், இடையில் ஓர் ஒடுங்கிய கடல்.

இதனாற் பிரகடனத்தின் பக்கம் நிற்போரை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. நயினை நாகபூசணியம்மனிடம் பிள்ளைவரம் வேண்டி நேர்த்தி வைப்போரும், ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பங்களும் தாய்மையைப் போற்றுவது உண்மையான உணர்வு. அவ்வுணர்வுக்கு அரசு கொடுக்கும் வடிவமே ஆய்வுக்குரியது.

1995 இன் திருத்தம் இதற்குத் தக்க சான்று. பாலியல் வல்லுறவு, நெருங்கிய இரத்த உறவினரின் புணர்ச்சி, கருவின் கடுங்குறைபாடு ஆகிய நிலைகளிற் கருக்கலைப்பை அனுமதிக்கும் ஏற்பாடு அப்போது முன்மொழியப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. அதே ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இரத்த உறவினரின் புணர்ச்சியைத் தனிக் குற்றமாக்கியது. பெண்ணின் சம்மத வயதை 16 ஆக உயர்த்தியது. தந்தையின் செயல் குற்றம். அச்செயலால் உண்டான கருவைக் கலைப்பதும் குற்றம். ஒரே கோவையின் இரு பிரிவுகளும் ஒரு சிறுமியின் உடலிற் சந்திக்கின்றன. 2017 இலும் வல்லுறவு, கடுங்குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது, முன்மொழிவு சட்டமாகவில்லை.

முற்போக்குத் தரப்பின் பிரகடனங்களும் இவ்விமர்சனத்துக்கு விலக்கல்ல. 1981 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயம், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சுதந்திரமாகத் தீர்மானிக்கும் உரிமையைக் கூறுகின்றது. 1993 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மகளிர் சாசனம் சட்டவலுவற்றது. இவற்றை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுவது நமக்கு எளிதாயிற்று; 303 ஆம் பிரிவின் ஒரு சொல்லேனும் அவற்றால் அசையவில்லை.

திருத்தம் வந்தாலும் நெடுந்தீவின் நிலை உடனே மாறிவிடாது. இந்தியச் சட்டம் 2021 இன் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், குறித்த சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இருவரின் கருத்தையும் வேண்டுகின்றது. நெடுந்தீவு வைத்தியசாலை மகப்பேற்று நிபுணரைக் கொண்டதன்று. இன்னொரு சட்டமூலம் இங்கு வருமாயின், கையொப்பமிட வேண்டிய மருத்துவர் எத்தனை பேர், அவர்கள் எத்தரத்து வைத்தியசாலையைச் சேர்ந்தவராயிருத்தல் வேண்டும் என்று கூறும் பிரிவையே நாம் முதலிற் படிப்போம்.