காப்பாற்றப்பட்டவள் பெயரில் நிலம் இல்லை

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே குருவிகுளம் பக்கம் பேருந்தில் போனால், கொஞ்ச தூரத்தில் செம்மண் முடிந்து கரிசல் வந்துவிடும். ஊர்களில் தமிழோடு தெலுங்கும் காதில் விழும். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தியிடம், "உங்க ஆளுங்க எதுக்கு இங்க வந்தாங்க?" என்று கேட்டேன். "ஒரு பொண்ணக் காப்பாத்த வந்தோம் டீச்சர்" என்றாள். "அந்தப் பொண்ணு பேரு என்ன?" தெரியவில்லை.

கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' அவளுக்கு ஒரு பெயர் தருகிறது: சென்னாதேவி. அவள் அழகைக் கேள்விப்பட்ட துலுக்க ராஜா பெண் கேட்கிறான். குடும்பம் இரவோடு இரவாகத் தெற்கே ஓடிவருகிறது. காட்டுக்குத் தீ வைத்து, நிலம் திருத்தி, ஊர் அமைக்கிறது. இந்தக் கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு என்ற முதுகிழவி. ஓர் இடப்பெயர்வின் வரலாற்றைப் பட்டயத்திலிருந்தோ பாளையக்காரர் வம்சாவளியிலிருந்தோ எடுக்காமல் கிழவியின் வாயிலிருந்து எடுத்தது கி.ரா. செய்த பெரிய காரியம். அதை மறக்காமல்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டத்தில் காப்பாற்றப்பட்டது எது?

பெண் கேட்ட அரசனுக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த கதை ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமில்லை. கம்பளத்தாரிடம் இருக்கிறது. வழியில் ஆறு குறுக்கிட்டபோது இரு கரைகளிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமானதாக அவர்கள் சொன்னதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கதையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சோழ அரசனே குற்றவாளி. அரசனின் மதம் கதைக்குக் கதை மாறுகிறது. 'வேற்றாளுக்குப் பெண் கொடுக்க மாட்டோம்' என்பது மட்டும் மாறுவதில்லை. அப்படியானால் இவை துலுக்கரின் கொடுமையைச் சொல்லும் கதைகள் அல்ல, அகமண உறவின் எல்லையைக் காக்கும் கதைகள். சென்னாதேவிக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நின்றுபோகும்.

அமெரிக்காவின் மேற்கு நோக்கிய குடியேற்றத்திலும் இதே வேலையைப் பெண்தான் செய்தாள். பூர்வகுடிகளிடம் சிறைப்பட்ட வெள்ளைப் பெண்ணின் கதை அங்கே 1682இலேயே மேரி ரோலண்ட்சன் எழுதிய நூலாக வந்துவிட்டது. அத்தகைய கதைகள் நிலப்பறிப்பை மீட்புப்பணியாகக் காட்ட உதவின. 1836இல் டெக்சாஸில் கோமான்சிகள் சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைத் தூக்கிச் சென்றார்கள். அவள் அவர்களில் ஒருத்தியாக வளர்ந்து, மணந்து, பிள்ளைகள் பெற்றாள். 1860இல் வெள்ளையர்கள் அவளை 'மீட்டார்கள்'. கோமான்சிகளிடமே திரும்பிப் போக அவள் முயன்றாள், விடவில்லை. மீட்பு என்ற சொல்லின் பொய் இந்த ஒருத்தியின் வாழ்க்கையிலேயே தெரிகிறது.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கோபல்லபுரத்தார் அடைக்கலம் தேடி வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் 1830ஆம் ஆண்டின் பூர்வகுடி வெளியேற்றச் சட்டம் போல ஒன்று இல்லை, ராணுவம் இல்லை. ஆனாலும் 'வெறும் காடு' என்ற சொல் இரண்டு கதைகளிலும் வருகிறது. காட்டில் மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், கிழங்கு தோண்டியவர்கள் எங்கே போனார்கள்? திருத்திய நிலத்தில் களை எடுத்தவர்கள், பருத்தி எடுத்தவர்கள் யார்? கரிசலின் பள்ளர், பறையர், அருந்ததியர் பெண்களுக்கு 'எங்கள் பெண்ணைக் காப்பாற்ற ஓடிவந்தோம்' என்று சொல்லும் காவியம் இல்லை. மானம் காக்க ஊரே ஓடும் என்ற பெருமை, மானம் உள்ளவர்களாகக் கருதப்பட்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

நாவலிலேயே இன்னொரு பெண் இருக்கிறாள். கணவனோடு வழிநடந்து வந்து, தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில், காதிலிருந்த பாம்படத்துக்காகக் கொல்லப்படுகிறவள். தன்னை நீருக்குள் மிதித்து அழுத்தியவனின் கால்விரலைக் கடித்துக்கொண்டே சாகிறாள். கள்ளன் பிடிபடுகிறான், கழுவேற்றப்படுகிறான். நியாயம் வழங்குபவர்கள் கோட்டையார் வீட்டு ஆண்கள். சாட்சி சொன்னது அவளுடைய பல். சென்னாதேவியைவிட இவளைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. காப்பாற்ற யாரும் வராத இடத்தில் தானே போராடியவள் அவள்.

கதை முடிந்த பிறகு நிலம் யாருக்குப் போனது? அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியிருப்பு நிலச் சட்டம் 160 ஏக்கர் தந்தது. மணமாகாதவளும் கைம்பெண்ணும் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. நம் ஊரில் 1989இல்தான் தமிழ்நாட்டுச் சட்டம் மகளையும் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கியது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் 'அண்ணன் தம்பி உறவு போயிரும்' என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்கள் எத்தனை பேர்!

ஒரு பெண்ணுக்காக ஊரையே விட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் ஒரு குறுக்கம் நிலத்தைக்கூடப் பெண் பெயரில் எழுதவில்லை. அந்த மாணவியிடம் இரண்டு வேலைகள் சொல்லி அனுப்பினேன். வீட்டில் இருக்கும் அவ்வாவிடம் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வர வேண்டும். அப்படியே, வீட்டுப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்து வர வேண்டும். வாசிக்கிற நீங்களும் உங்கள் வீட்டில் பாருங்கள்.