பொருந்தா வரிகள்: கல்முனைக் கரையின் பெயர்ப்பட்டியல்களும் இணைப்புக் கருவிகளும்

இரு ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்குதல் தமிழ்ப் புலமைக்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டனர். ஒரு பிரதியில் உள்ள பாடம் மற்றொன்றில் இல்லையெனின், அதனைக் கைவிடாது பாடபேதமெனக் குறித்துவைத்தல் பதிப்பு நேர்மையின் பாற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. இதே தொழிலைச் செய்யும் சிறு கட்டளைக் கருவிகள் 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் முறைமையோடு உருவாகின: கோப்புகளை ஒப்பிடும் கொம், டிஃப், இரண்டை ஒன்றாக்கும் ஜோயின். அவை அந்நேர்மையை எந்தளவிற்குப் பேணுகின்றன என்பதே எமது வினா. இலக்கியப் பிரதிகளைக் கொண்டன்றி, மனிதரின் பெயர்ப்பட்டியல்களைக் கொண்டு அதனை நோக்க விழைகின்றோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையில் இறந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தினர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய ஊர்கள் கடலை ஒட்டி நெருக்கமாய் அமைந்தவை. இத்தகைய பேரழிவின்பின் கிராம சேவையாளர், பள்ளிவாசல் நிருவாகத்தினர், வைத்தியசாலை, அகதி முகாம், தொண்டு நிறுவனம் எனத் தனித்தனியே பட்டியல்கள் எழுகின்றன. அவற்றை ஒன்றாக்காமல் நிவாரணம் இல்லை. ஒன்றாக்குவதற்கோ ஒரு பொதுத் திறவு வேண்டும். அதாவது, இரு கோப்பிலும் ஒரே மாதிரி எழுதப்பட்ட ஒரு புலம் வேண்டும். அத்திறவு பெயர் எனக் கொள்வோமாயின் யாது நிகழும்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மேனாட்டார் கருதும் பொருளிற் குடும்பப் பெயர் இல்லை. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களே முன்னிற்கும். உதுமாலெப்பை என்பது ‘யூ.எல்.’ ஆகவும் ஆதம்லெப்பை என்பது ‘ஏ.எல்.’ ஆகவும் சுருங்கும். முகம்மது என்னும் ஒரே பெயர் முஹம்மது, முகமது, முஹம்மத், முஹம்மட் எனப் பலவாறு எழுதப்படும். இது எழுதுவோரின் கவனக்குறைவு மாத்திரமன்று. தமிழ் பேசும் கரையோரத்தில் எழுதப்படும் பெயர், மாவட்டக் கச்சேரியில் சிங்களத்திற்கும் கொழும்பில் ஆங்கிலத்திற்கும் பெயர்ந்து, மீண்டும் தமிழுக்கு வரும்பொழுது வேறு பெயராகிவிடுகின்றது. அம்பாறைக் கச்சேரியின் நிருவாக மொழிபற்றிக் கரையோர மக்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் முறைப்பாட்டிற்கும் கரையோர மாவட்டக் கோரிக்கைக்கும் இதனோடு தொடர்புண்டு. மொழியுரிமைப் பிரச்சினை இங்கே கோப்பின் ஒரு புலத்தினுள் வந்து அமர்ந்துவிடுகின்றது.

இப்பொழுது ஜோயினை நோக்குவோம். இரு கோப்பிலும் திறவு பொருந்திய வரிகளை மாத்திரமே அது தரும். பொருந்தாதவற்றைப் பற்றி யாதொன்றும் கூறாது. ஒரு பட்டியலில் ‘முகம்மது’ எனவும் மற்றதில் ‘முஹம்மட்’ எனவும் உள்ளவர் விளைவிலிருந்து மறைந்துபோவார். மறுபுறம், ஒரே பெயருடையோர் ஒரு கோப்பில் இருவரும் மற்றதில் மூவரும் இருப்பின் ஆறு வரிகள் தோன்றும். ஆக, ஒரே செயலில் இருப்பவர் இல்லாமற் போவதும் இல்லாதவர் உண்டாவதும் கூடும். தவறிய வரிகளையும் சேர்த்துத் தருமாறோ, அவற்றை மட்டும் தருமாறோ பணிக்கும் தெரிவுகள் அக்கருவியில் உண்டு என்பதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அவை கேட்டாலன்றிக் கிடைப்பனவல்ல. கொம் இவ்வகையில் நேர்மையானது: முதற்கோப்பில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை என மூன்று நிரலாக யாவற்றையும் முன்வைக்கும்.

இரண்டுமே அகரவரிசைப்படுத்திய கோப்புகளை வேண்டுவன. எந்த அகரவரிசை? யூனிக்கோட்டில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நெடுங்கணக்கிலோ அவை இறுதியில் வருவன. ஒரு கோப்பு ஒரு முறையிலும் மற்றது மறுமுறையிலும் அடுக்கப்பட்டிருப்பின் பொருந்தவேண்டியனவும் தவறிப்போகும். ‘மொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவோ இரண்டாகவோ சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றே, கருவிக்கு இரண்டு.

பெயரை விடுத்துத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் திறவாகக் கொள்ளலாமே எனலாம். கொள்ளலாம், ஆயின் சிறுவர்க்கு அட்டை இல்லை, கடல் கொண்டுபோன வீட்டோடு அட்டையும் போயிற்று. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண், 2016 முதல் பன்னிரண்டு இலக்க எண்ணாக மாறியது. முன்னே 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின்பின் ஒரு சுழியம் இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் பழையது புதியதாகும். விதி தெளிவாக இருப்பதால் இதனைக் கருவியே செய்துவிடும். பெயருக்கு அத்தகைய விதி இல்லை.

இலக்கமும் ஒருபுறத்தே மாத்திரம் இருப்பின் பயனில்லை. பேரலை நாளிற் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகப் பதியப்பட்ட கைக்குழந்தையை உலகம் அவ்வெண்ணாலேயே அறிந்தது. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாகச் செய்திகள் எழுந்தன. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையே பெற்றோரை உறுதிசெய்தது. ஏனையோர்க்கு அத்தகைய சோதனை கிட்டவில்லை. அவர்க்குப் பட்டியலே சாட்சி.

இங்கே சமூக அமைப்பையும் நோக்குதல் வேண்டும். இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுவது. மணமகன் மனைவி வீட்டிற்கு வருபவன். டெனிஸ் மக்கில்வ்ரேயின் அக்கரைப்பற்று ஆய்வுகள் இதனை விரிவாகப் பதிந்துள்ளன. பேரலைக்குப் பின்னரான வீடமைப்பிலோ ‘குடும்பத் தலைவர்’ என ஆணின் பெயரே கொள்ளப்பட்டமையைப் பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. வீட்டுரிமைப் பட்டியலில் மனைவியின் பெயரும் நிவாரணப் பட்டியலிற் கணவனின் பெயரும் இருப்பின், பெயர்வழி இணைப்பில் இரு வரிகளுமே பொருந்தா. வீடுடையவள் வீடற்றவளாவதற்கு எவரும் அநீதி இழைக்க எண்ணவேண்டியதில்லை. ஒரு கட்டளை வரி போதும்.

2005 ஜனவரியில் இலங்கைக் கணினியாளர் உருவாக்கிய ‘சஹன’ என்னும் கட்டற்ற மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், நிறுவனங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளை ஒரே முறைமையிற் கொணர முனைந்தது. பாராட்டத்தக்க முயற்சி அது. ஆயின் எமது நோக்கிற்கு இன்னும் நெருங்கியது, அதே ஆண்டு அமெரிக்காவிற் கத்ரீனா சூறாவளியின்பின் வகுக்கப்பட்ட ஆள்தேடற் பரிமாற்ற வடிவமாகும். ஒவ்வொரு பதிவும் தன் மூலத்தைச் சுமந்தே செல்லும். இரு பதிவுகள் ஒருவரையே குறிக்கின்றன எனக் கருதுவோர் அவற்றைத் தொடுக்கலாம். தொடுத்தலால் எதுவும் அழிவதில்லை. பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு இங்கே மீள்கின்றது எனலாம்.

டிஃப் பற்றி ஒரு சொல். மக்கில்ரோயும் ஹன்ட்டும் 1976இல் விளக்கிய அக்கருவி, ஒரே பட்டியலின் நேற்றைய வடிவிற்கும் இன்றைய வடிவிற்கும் இடையே சேர்ந்த வரியையும் நீங்கிய வரியையும் காட்டும். நிவாரணப் பட்டியலிலிருந்து தம் பெயர் எப்பொழுது நீக்கப்பட்டது எனக் கேட்கும் ஒருவருக்கு இதனிலும் சிறந்த விடையில்லை. ஆயின், அதற்கு நேற்றைய பட்டியல் கைவசம் இருத்தல் வேண்டும். பழையதன்மேற் புதியதை அதே பெயரிற் சேமிக்கும் அலுவலகத்தில் டிஃப் ஒப்பிடுவதற்கு இரண்டாவது கோப்பே இல்லை.