தொடர்பு பெருகிற்று, திருத்தம் எங்கே?

தமிழாசிரியர் பலர் இன்று கைத்தொலைபேசியையே கற்கும் இடமாகக் கொண்டுள்ளனர். வாட்ஸ்அப் குழுவில் பயிற்சித் தாள் வருகின்றது. முகநூலில் பாடக் குறிப்பு வருகின்றது. யூடியூப்பில் இலக்கண விளக்கம் கிடைக்கின்றது. லிங்க்ட்இன் வழியே துறை சார்ந்த அறிமுகங்கள் வாய்க்கின்றன. இதனைப் பெரும்பேறு எனப் போற்றுவாரும் உளர். வீண்பொழுது என இகழ்வாரும் உளர். இரு சாராரும் கருவியைப் பார்க்கின்றனரேயன்றி, அதன்வழி நிகழும் செயலைப் பார்ப்பதில்லை. கற்றல் என்னும் செயல் அங்கே நிகழ்கின்றதா என்பதே ஆராயத்தக்க வினா.

முதற்கண் நன்மையைக் கூறிவிடுதல் முறையாகும். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, மாணவர் குறைந்த சிறு பள்ளிகள். தோட்டப்புறத்துப் பள்ளியில் பணிபுரியும் இளம் ஆசிரியருக்குப் புணர்ச்சி விதியில் ஓர் ஐயம் எழுந்தால், கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பது அரிது. சிங்கப்பூரிலோ பள்ளிகள் அடுத்தடுத்து இருப்பினும், ஒரு பள்ளியில் தமிழாசிரியர் சிலரே. இத்தகையோர்க்குத் தொலைவிலுள்ள சக ஆசிரியரின் துணை, கிடைத்தற்கரிய துணையே.

நெருங்கிய நண்பரினும் சற்றே விலகிய அறிமுகத்தாரே புதுச் செய்தியைப் பெரிதும் தருகின்றனர் என்பதை மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1973இல் எடுத்துக்காட்டினார். லிங்க்ட்இன் பயனீட்டாளர் 2 கோடிப் பேரைக் கொண்டு நிகழ்ந்து, 2022இல் வெளியான ஆய்வொன்றும், வேலை மாற்றத்திற்கு ஓரளவு விலகிய தொடர்புகளே மிகுதியும் உதவுவதாகக் கண்டது. நண்பர் அறிந்ததைத் தாமும் முன்பே அறிந்திருப்பதால், புதியது வேறிடத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே, தொடர்பை விரித்துக் கொள்ளும் ஆசிரியர் பிழை செய்தவரல்லர்.

ஆயினும், செய்தி கிடைப்பது வேறு; கல்வி கிட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர இந்நாட்டு இதழ் வரலாறே துணைசெய்யும். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். வாசகர் பாடத்தைப் படித்ததோடு நில்லாமல், தாமே எழுதி அனுப்பினர். எழுதியது மதிப்பிடப் பெற்றது. மலாயாவின் எழுத்தாளர் பலர்க்கு அது பயிற்சிக் களமாயிற்று. அதுவும் தொலைவிலிருந்தோரை இணைத்த கூட்டுக் கல்விதான். ஆனால், அங்கே குறையைக் குறையென்று சொல்லும் பொறுப்புடையவர் இருந்தார்.

இன்றைய குழுக்களில் அப்பொறுப்பு யாரிடம் இருக்கின்றது? முகநூலில் 2009இல் விருப்பக் குறி வந்தது. அக்குறி பாராட்டைச் சொல்லும். இரண்டாம் பத்தியில் பிழையிருக்கின்றது என்று சொல்லாது. வாட்ஸ்அப் 2018இல், பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படும் செய்திக்கு அடையாளம் இடத் தொடங்கிற்று. அவ்வடையாளம், செய்தி அனுப்பியவருடையதன்று என்பதை அறிவிக்கின்றது; யாருடையது என்பதை அறிவிக்கவில்லை. 2019இல், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பும் விதித்தது. வரம்பு பரவும் விரைவைக் குறைக்குமேயன்றி, பரவுவது மெய்யா பொய்யா என்று ஆராயாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. புறநானூற்றின் 192ஆம் பாட்டைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். பயிற்சித் தாளொன்றில் அப்பாட்டின் அடி திருக்குறள் என்று குறிக்கப்பட்டுக் குழுவுக்கு வருவதாகக் கொள்வோம். அறிந்தவர் சிலர் குழுவில் இருக்கத்தான் செய்வர். எனினும் அனுப்பியவர் மூத்தவராகவோ, தலைமையாசிரியராகவோ இருப்பின், பலர் முன்னிலையில் எப்படிச் சொல்வது என்று தயங்குவர். மரியாதை காரணமாக மௌனம் நிலவும்; நன்றி கூறும் குறிகள் மட்டும் வரிசையாக விழும். மறுநாள் அத்தாள் பல வகுப்பறைகளில் அச்சாகி, ஆசிரியர் சொன்னது என்னும் நம்பிக்கையோடு குழந்தைகளின் ஏட்டில் ஏறிவிடும். பெரியவர்களிடையே காட்டிய தயக்கத்திற்கு விலை கொடுப்பவர் சிறுவரே.

பழையன யாவும் சிறந்தன என்று கொள்ளுதலும் பொருந்தாது. நாளிதழ் வகுப்பில் விடைக்கு நாட்கணக்கிற் காத்திருக்க வேண்டும்; பக்கத்திலே இடம் குறைவு; ஒலியைக் கற்பிக்கத் தாளால் ஆகாது. இன்றோ, லகர ளகர ழகரங்களை மயக்கும் மாணவன் படிப்பதைக் குரற்பதிவாக்கி, அவன் பெயரை நீக்கிப் பெற்றோர் இசைவுடன் வேறோர் ஆசிரியருக்கு அனுப்பி, திருத்தும் வழியை அன்று மாலையே கேட்டறியலாம். கதை வகுப்பு நடத்தியோர்க்கு எட்டாத வசதி இது. வசதி இருந்தும் பதிப்பாசிரியர் இல்லாமையே இன்றைய குறை.

அக்குறையைப் போக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தாளை ஆக்கியவர் பெயரும், மேற்கோளின் நூற்பெயரும் பாட்டெண்ணும் இன்றி எதையும் அனுப்புவதில்லை என்று குழு முடிவு செய்யலாம். வாரந்தோறும் ஒருவர் முறைவைத்துத் திருத்துநராக இருக்கலாம். முறை வந்தவர் சொல்லும்போது அது குற்றங்காணலாகாது, கடமையாகும். ஒரு தாளை வகுப்பில் நடத்தியவர், மாணவர் எங்கே இடறினர் என்பதைத் திரும்ப எழுதலாம். மூத்தோர் தம் பிழையைத் தாமே முதலில் ஒப்புக்கொண்டால், இளையோரின் தயக்கம் விரைவில் நீங்கும்.

குழுவிலே எத்தனை பேர் உளர், நாளொன்றுக்கு எத்தனை தாள் வந்தன என்னும் கணக்கு கல்வியின் அளவாகாது. சென்ற மாதத்தில் அக்குழுவால் திருத்தம் பெற்ற பிழை எத்தனை என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடையுள்ள குழு, ஆசிரியர் கற்கும் இடமாகும். விடையில்லாத குழு, தாள்கள் வந்துபோகும் இடமாகவே நிற்கும்.