ஹார்வியின் தப்புக் கணக்கு

வில்லியம் ஹார்வியின் நூல் 1628இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சானது. லத்தீனில் எழுதிய, நூறு பக்கத்தைத் தொடாத சின்னப் புத்தகம். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று இதில் அவர் நிரூபித்ததாக உடலியங்கியல் பாடநூல்கள் ஒரு வரி சொல்லிவிட்டு, சிவப்பும் நீலமுமாக அம்புக்குறி போட்ட படத்துக்குத் தாவிவிடுகின்றன. உண்மையிலேயே நிரூபித்தாரா? தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் பார்த்ததே இல்லை. அவர் கொடுத்த எண்ணும் தப்பு. நியாயமாகப் பார்த்தால் இது சந்தேகப்பட வேண்டிய வழக்கு.

எதிர்த்தரப்பு லேசுப்பட்டதல்ல. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலனின் கொள்கை அது. உணவிலிருந்து கல்லீரல் புதுப்புது இரத்தத்தை உண்டாக்குகிறது. அது சிரைகள் வழியே உறுப்புகளுக்குப் போய் அங்கேயே தீர்ந்துபோகிறது. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கொஞ்சம் இடப்பக்கம் கசிகிறது. அந்தத் துளைகளை ஹார்விக்கு முன்பே பலர் மறுத்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அன்-நஃபீஸ் மறுத்தார். வெசாலியஸ் தம் நூலின் 1555 பதிப்பில் வெளிப்படையாகச் சந்தேகப்பட்டார். ஆனால் ‘உண்டாகிறது, தீர்கிறது’ என்ற அஸ்திவாரத்தில் யாரும் கை வைக்கவில்லை.

ஹார்வி ஒன்பதாம் அத்தியாயத்தில் பெருக்கல் போடுகிறார். பிணத்தின் இடக் கீழறையில் இரண்டு அவுன்ஸுக்கு மேல் இரத்தம் இருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு துடிப்பிலும் அதில் அரை அவுன்ஸ்தான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. ஆக 500 அவுன்ஸ், நம் கணக்கில் 15 கிலோவுக்கு மேல். சரி, அரை அவுன்ஸ் கூட வேண்டாம், அதில் நாலில் ஒரு பங்கான ஒரு டிராம் என்றே வைத்தாலும் ஏறக்குறைய நாலு கிலோ. ஒரு நாளைக்கு 180 கிலோவைத் தாண்டும். எந்த மனிதன் அவ்வளவு தின்கிறான்?

இந்த எண்கள் எவ்வளவு தப்பு என்று பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு. அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 150 லிட்டர். ஹார்வியின் பெரிய எண்ணே இதில் பத்தில் ஒரு பங்குதான். அளந்து சொன்னார் என்று அவரைப் புகழ்பவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். துடிப்பு இரண்டாயிரமும் அதற்கு மேலும் போகும் என்று எழுதியவர், வேண்டுமென்றேதான் ஆயிரத்தை எடுத்துக்கொண்டார். தமக்குப் பாதகமான பக்கம் எண்ணைக் குறைத்தும் காலனின் கணக்கு தேறவில்லை. எண் துல்லியமாக இருந்திருந்தால்கூட வாதத்தின் பலம் இதைவிடப் பெரிதாகக் கூடியிருக்காது.

ஆனால் பெருக்கல் மட்டும் போதாது. முன்னே போன இரத்தமே திரும்பி வந்து அலைமோதுகிறது என்று எதிராளி சொல்லலாமே! அங்கே வால்வுகள் வேண்டும். சிரைகளில் உள்ள வால்வுகளை 1603இல் நூலாக்கியவர் பாதுவாவில் ஹார்வியின் ஆசிரியரான ஃபப்ரீசியஸ். இரத்தம் கீழே மொத்தமாகத் தேங்காதபடி தடுக்கவே அவை என்று நினைத்தார் அவர். மாணவர் கையைக் கட்டிப் பார்த்தார். புஜத்தில் இறுகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுபோகிறது, கை சில்லிடுகிறது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் கை சிவக்கிறது, சிரைகள் புடைக்கின்றன, வால்வு உள்ள இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. இரத்தம் தமனி வழியே வந்துவிட்டது, சிரை வழியே திரும்ப முடியவில்லை. புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை நீவிவிட்டால், நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கும். மேலிருந்து ஒரு சொட்டும் இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். அலைமோதல் வாதம் இத்துடன் முடிந்தது.

குறைகளும் உண்டு. இதயத்தைச் சூரியனுக்கு ஒப்பிடும் எட்டாம் அத்தியாயமும், அரசனுக்கு ஒப்பிடும் சமர்ப்பணமும் வெறும் அலங்காரம். சான்றாக ஒரு காசு பெறாது. இரத்தம் எதற்காகச் சுற்றுகிறது என்பதற்கு அவரிடம் உருப்படியான பதில் இல்லை. ஆக்சிஜன் தெரியவர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு எப்படித் தாண்டுகிறது என்ற இடத்தில் சதையின் துளைகள் என்று ஒப்பேற்றுகிறார். காலனின் துளைகளை நிராகரித்தவர் இப்படிச் சொல்வது நெருடத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: காலன் தம் கொள்கை நிற்பதற்காகத் துளைகளை வைத்தார், ஹார்வியின் முடிவு அவர் சொன்ன துளைகளை நம்பி நிற்கவில்லை. போவதும் வருவதும் உறுதியானபின் நடுவே ஏதோ வழி இருந்தாக வேண்டும். அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1661இல், தவளையின் நுரையீரலில் மால்பீகி அந்த வழியை நுண்ணோக்கியால் கண்டார்.

ஆகவே என் தீர்ப்பு: இரத்தம் சுற்றுகிறது என்பதை ஹார்வி நிரூபித்துவிட்டார், எப்படிக் கடக்கிறது, எதற்காக என்ற இரண்டையும் நிரூபிக்கவில்லை. பாடநூல் எழுதுகிறவர்கள் அம்புக்குறிப் படத்துக்கு முன்னால் அந்தப் பெருக்கலையும் கைக்கட்டுச் சோதனையையும் ஒரு பக்கத்திலாவது போட வேண்டும்.